விரட்டிவிட்டு எண்ணியவர்கள்

அவளுக்குப் பூதக்கண்ணாடி என்று பெயர் வைத்தவன் கிரேன் ஓட்டுபவன். அவள் கழுத்தில் தொங்குவது தொலைநோக்கி, பூதக்கண்ணாடி வேறு சாமான் என்பது அவனுக்குத் தெரியாது. தெரிந்திருந்தாலும் மாற்றியிருக்க மாட்டான். முதல் நாளே அந்தப் பெயர் அவள் காதில் விழுந்தது. அவள் கண்டுகொள்ளவில்லை. இருபத்திரண்டு வருடம் பேருந்துகளில் டிக்கெட் பரிசோதகராக இருந்தவளுக்கு மனிதர்கள் வைத்த பெயர்களில் வீட்டில் சொல்லக்கூடியது இது ஒன்றுதான்.

பேருந்தில் ஏறிய நொடியில் டிக்கெட் எடுக்காதவன் யாரென்று அவளுக்குத் தெரிந்துவிடும். ஜன்னலுக்கு வெளியே திடீரென்று அக்கறை வந்தவன், அந்த நிமிடம் பார்த்துத் தூக்கம் வந்தவன், சட்டைப்பையை அளவுக்கு மீறித் தட்டிப் பார்ப்பவன். உலகத்தில் பாதிப் பேர் டிக்கெட் இல்லாதவர்கள், மீதிப் பேர் இன்னும் மாட்டாதவர்கள் என்பது அவள் முடிவு. அந்த முடிவை மாற்றிக்கொள்ளும்படி யாரும் நடந்துகொள்ளவில்லை. பிறகு பேருந்துகளில் டிக்கெட் சரிபார்க்கும் இயந்திரம் வைத்தார்கள். ஐம்பத்து மூன்று வயதில் ஒரு சால்வையைப் போர்த்தி அவளை வீட்டுக்கு அனுப்பினார்கள்.

வீட்டில் கணவர் இருந்தார். கூடவே தொலைக்காட்சியும் இருந்தது. அவருக்குக் காது மந்தமாகிப் பல வருடம் ஆகிவிட்டது. காதில் மாட்டிக்கொள்ள மகன் வாங்கிக் கொடுத்த கருவி, வந்த டப்பாவோடு மேசை இழுப்பறையில் கிடந்தது. அதை மாட்டினால் கிழவன் மாதிரித் தெரியுமாம். அறுபத்து நான்கு வயதில், முன்பல் இரண்டு இல்லாமல், அவருக்கு அந்தக் கவலை. ஆகவே அவர் காதைச் சரி செய்யாமல் தொலைக்காட்சியின் சத்தத்தைக் கூட்டினார். நான்கு பேர் ஒரே சமயத்தில் கத்திச் சண்டை போடும் நிகழ்ச்சிகள்தான் அவருக்கு உயிர். நாட்டு நடப்பு தெரிய வேண்டாமா என்பார். நான்கு பேர் சேர்ந்து கத்தியதில் எந்த நாட்டின் நடப்பு தெரிந்தது என்று அவரும் சொன்னதில்லை.

அவள் முதலில் கூடத்திலிருந்து படுக்கையறைக்குப் போனாள். சுவர் மெல்லிய சுவர். அங்கிருந்து சமையலறைக்குப் போனாள். கடைசியில் சமையலறைக்குப் பின்னால், துணி துவைக்கும் இடத்தில், ஒரு வாளியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்தாள். மாலை ஆறு முதல் ஒன்பது வரை அந்த வாளிதான் அவளுக்கு வீடு. ஒருநாள் நாத்தனார் வந்திருந்தாள். வந்தவள் காதைப் பொத்திக்கொண்டு, "இவ்ளோ சத்தமா வெச்சிருக்கியே, அண்ணி ஒன்னும் சொல்ல மாட்டாங்களா?" என்று கேட்டாள்.

"அவளுக்கென்ன? இத்தன வருஷத்துல ஒரு வார்த்த சொன்னதில்ல. அவளுக்கு இதெல்லாம் தொந்தரவே கெடையாது" என்றார் கணவர். அதைப் பெருமையாகச் சொன்னார். அவள் அதை வாளியின் மேல் உட்கார்ந்தபடி கேட்டாள்.

அடுத்த வாரம்தான் அந்த விளம்பரம் கண்ணில் பட்டது. புதிய துறைமுக வேலைக்குக் கடல் பாலூட்டிக் கண்காணிப்பாளர் தேவை. நல்ல கண்பார்வையும் பொறுமையும் வேண்டும். கடலில் வாந்தி எடுக்கக் கூடாது. கடலில் சத்தம் இருக்காது என்று நினைத்துத்தான் அவள் விண்ணப்பித்தாள். அந்தக் கடற்கரையிலேயே மிகப்பெரிய சுத்தியலுக்குப் பக்கத்தில் அவளுக்கு நாற்காலி போட்டுக் கொடுத்தார்கள்.

வேலை இதுதான். கப்பல் வந்து நிற்கும் மேடைக்காகக் கடலடியில் இரும்புக் குழாய்களை அடித்து இறக்க வேண்டும். ஒவ்வொரு குழாயும் தென்னை உயரம், ஆள் நுழையும் அகலம். பார்ஜ் எனப்படும் தட்டையான மிதவையில் கிரேன் நிற்கும்; கிரேனில் சுத்தியல் தொங்கும். ஓர் அடி விழுந்தால் பார்ஜில் வைத்த டீயில் வட்டம் வட்டமாக அலை எழும். எல்லாருக்கும் காதுமூடி கொடுத்திருந்தார்கள். தண்ணீருக்குள் அந்தச் சத்தம் காற்றில் போவதைவிட நான்கு மடங்கு வேகமாக, வெகுதூரம் போகும். காதால் வழி கண்டுபிடித்து, காதால் இரை தேடி, காதால் குட்டியைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளும் டால்பின்களுக்குக் காதுமூடி யாரும் கொடுப்பதில்லை. அவற்றுக்குப் பதிலாக அவளை வைத்திருந்தார்கள். சுத்தியல் தொடங்குவதற்கு முன் அரை மணி நேரம் அவள் கடலைப் பார்க்க வேண்டும். ஐந்நூறு மீட்டருக்குள் ஒன்று தென்பட்டாலும் சிவப்புக் கொடியைத் தூக்க வேண்டும். அது கடைசியாகத் தெரிந்த நிமிடத்திலிருந்து முழுதாக அரை மணி கழிந்த பிறகுதான் முதல் அடி விழலாம்.

கரையில், வேலை நடக்கும் இடத்தை மறைத்து நீளமாகத் தட்டி கட்டியிருந்தார்கள். அதில் துள்ளும் டால்பின் ஒன்றின் படம். கம்பெனியின் சின்னமே அதுதான். சிரித்துக்கொண்டிருக்கும். டால்பினின் வாய் அப்படித்தான் அமைந்திருக்கிறது, அது சிரிப்பு இல்லை என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. தட்டியில் ஏற்றிய பிறகு அசலைப் பற்றி யாருக்குக் கவலை?

பதினான்கு மாதம் அவள் படிவம் நிரப்பினாள். நேரம், அலை, வெளிச்சம், எண்ணிக்கை. கடைசியில் 'குறிப்பு' என்று ஓர் அகலமான கட்டம், எப்போதும் வெறுமையாக. எண்ணிக்கைக் கட்டத்தில் ஒவ்வொரு நாளும் ஒரே சொல்: காணப்படவில்லை. மீன்பிடிப் படகுக்காரர்கள் கரையில் சந்தித்தால் அந்தப் பக்கம் மூன்று பார்த்தோம், இந்தப் பக்கம் ஐந்து பார்த்தோம் என்பார்கள். வருடத்தின் இந்த மாதங்களில் தாய்கள் குட்டியோடு உள்ளே இருக்கும் சிறிய குடாவில் வந்து தங்கும் என்பார்கள். அவள் கண்ணில் ஒரு வால்கூடப் படவில்லை. நெரிசலான பேருந்தில் கடைசி இருக்கையில் குனிந்திருந்தவனைப் பிடித்த கண் அது. கெட்டுப்போய்விட்டதோ என்று கண் டாக்டரிடம்கூடப் போனாள். அவர் சோதித்துவிட்டு, இந்த வயதில் இப்படி ஒரு கண்ணா என்றார்.

அந்த நிலைமையில்தான் எஞ்சினியர் அவளைக் கூப்பிட்டார். முப்பது வயது, தலைக்கவசத்தில் நான்கு ஒட்டுப்படங்கள். எல்லாரிடமும் சிரித்துப் பேசுவார், யார் சொல்வதையும் காதில் வாங்க மாட்டார். அடுத்த கட்ட வேலை உள்ளே இருக்கும் அந்தச் சிறிய குடாவில் என்றார். பதினான்கு மாதமும் ஒன்றும் காணப்படவில்லை என்று அவள் ஒரு சுருக்க அறிக்கையில் கையெழுத்துப் போட்டால் அனுமதி உடனே வந்துவிடும். விலங்கே இல்லாத இடத்தில் கண்காணிப்பும் எதற்கு, ஆகவே அவள் வேலையும் முடிந்துவிடும். ஆனால் அவளை அப்படியே விட்டுவிடுவார்களா? புதிய அலுவலகக் கட்டடத்தில் நுழைவு அனுமதிப் பிரிவுக்கு மேற்பார்வையாளர் வேலை. அவளுக்கென்று தனி அறை.

அந்த அறையைக் காட்ட மூன்றாவது மாடிக்குக் கூட்டிப்போனார். ஒரு மேசை, ஒரு நாற்காலி, மூடிய ஜன்னல். கதவின் அடியில் ரப்பர் பட்டை. எஞ்சினியர் போன் பேச வெளியே போனபோது கதவு தானாக மூடிக்கொண்டது. புஸ் என்று ஒரு சின்ன மூச்சுச் சத்தம், அவ்வளவுதான். அதன் பிறகு ஒன்றுமில்லை. சுத்தியல் இல்லை, கிரேன் இல்லை, நாட்டு நடப்பு இல்லை. தன் கைக்கடிகாரம் ஓடும் சத்தத்தை அவள் பல வருடத்துக்குப் பிறகு கேட்டாள். இரண்டு நிமிடம் நின்றாள். எஞ்சினியர் கதவைத் திறந்தபோது, வெள்ளிக்கிழமை கையெழுத்துப் போடுகிறேன் என்று சொல்லிவிட்டாள்.

அந்த வாரமே கிரேனின் இரும்புக் கயிற்றில் இழை பிரிந்தது. புதுக்கயிறு மாட்ட எட்டு நாள் என்றார்கள். கையெழுத்தும் தள்ளிப்போனது. சுத்தியல் ஓய்ந்திருந்த அந்த நாட்களில் கடலைப் பார்க்கும் வேலையும் இல்லை, பார்ஜில் இருந்த கண்காணிப்பு அறைக்குள் அவள் பழைய படிவங்களை அடுக்கிக்கொண்டிருந்தாள். இறக்கிய குழாய்களின் அடியைச் சோதிக்க முக்குளிப்பவர் ஒருவர் வந்தார். நீரிலிருந்து ஏறி, பார்ஜின் விளிம்பில் உட்கார்ந்து காலிலிருந்த துடுப்பைக் கழற்றிக்கொண்டே, கண்காணிப்பு அறையில் சார்ஜில் இருந்த மஞ்சள் பெட்டியைப் பார்த்து முகத்தைச் சுளித்தார்.

"அத எறக்கிட்டு என்னக் கூப்புடாதீங்கன்னு மொதல்லயே சொல்லிட்டேன்க்கா."

"ஏன், ஆழம் அளக்குற பெட்டிதானே?" என்றாள். ஃபோர்மேன் அப்படித்தான் சொல்லியிருந்தார். தினமும் காலையில், அவள் தொலைநோக்கியைத் துடைத்துக்கொண்டிருக்கும்போதே, அவர் அதைக் கயிற்றில் கட்டித் தண்ணீரில் இறக்குவார்.

முக்குளிப்பவர் துடுப்பைக் கீழே போட்டுவிட்டுச் சிரித்தார். "ஆழமா? அது கத்துற பெட்டிக்கா. மேல நிக்கிற நமக்குக் கேக்காது. ஒரு தடவ தெரியாம எறங்கிட்டேன். பல்லுக்குள்ள ஊசிய விட்டுத் தட்டுன மாதிரி இருந்துச்சு. டால்பின வெரட்டத்தான் அத வெச்சிருக்காங்க. உங்ககிட்ட சொல்லலையா?"

யாரும் சொல்லவில்லை. அவள் விதிமுறைக் கோப்பை எடுத்து, எஞ்சினியர்களுக்கானது என்று ஒதுக்கி வைத்திருந்த பக்கங்களைப் படித்தாள். வரிசை தெளிவாக இருந்தது. முதலில் அரை மணி நேரம் பார். ஒன்றும் இல்லையென்றால் பெட்டியை இறக்கு, பார்வைக்குத் தப்பியது இருந்தால் விலகிப் போகட்டும். பிறகு மெல்ல அடி, பிறகு முழு அடி. இவர்கள் பெட்டியை முன்னால் கொண்டுவந்துவிட்டார்கள். முதலில் கத்தி விரட்டிவிட்டு, அதன் பிறகு அவளை உட்காரவைத்து எண்ணச் சொல்லியிருக்கிறார்கள். பதினான்கு மாதம் காலி வீட்டுக்குக் காவல் இருந்திருக்கிறாள். டிக்கெட்டின் முன்பக்கத்தைப் பார்த்துவிட்டுத் தேதியைப் பார்க்காமல் விட்டது மாதிரி. ஒரு பரிசோதகருக்கு இதைவிடக் கேவலம் கிடையாது. வாழ்க்கையில் முதல்முறையாக, மற்றவர்களுக்கென்று வைத்திருந்த இளக்காரத்தில் கொஞ்சம் எடுத்துத் தனக்கும் வைத்துக்கொண்டாள்.

எஞ்சினியரிடம் கேட்டாள். அவர் மறுக்கவில்லை. எப்படியும் இரண்டும் செய்யத்தானே போகிறோம், ஒன்றாகச் செய்தால் தினமும் அரை மணி மிச்சம், முன்னே பின்னே இருந்தால் என்ன என்றார். பிறகு கம்பெனியின் சுற்றுச்சூழல் ஆலோசகர் எழுதிய அறிக்கையின் நகலைக் கொடுத்து, படித்துப் பாருங்கள் மேடம், எவ்வளவு அழகாக வந்திருக்கிறது என்றார். வழவழப்பான தாள். அட்டையில் அதே டால்பின். உள்ளே ஒரு வரி: விலங்குகளுக்கு இடையூறு ஏற்பட்டதற்கான அறிகுறி எதுவும் இல்லை.

அந்த வரியை எங்கோ கேட்டிருக்கிறோமே என்று வழியெல்லாம் யோசித்தாள். அன்று மாலை வாளியின் மேல் உட்கார்ந்தபோது ஞாபகம் வந்தது. அவளுக்கு இதெல்லாம் தொந்தரவே கெடையாது. அவள் கணவருக்கு இதைச் சொல்லப் படிப்பு தேவைப்படவில்லை. ஆலோசகருக்கு மூன்று பட்டம் தேவைப்பட்டிருக்கிறது.

ஆனாலும் அவள் உடனே முடிவெடுக்கவில்லை. அந்தக் கதவு கண்ணுக்குள் நின்றது. கையெழுத்துப் போட்டால் யாருக்குத் தெரியப்போகிறது? டால்பின்கள் வந்து டிக்கெட் கேட்குமா? இரண்டு மாலை அவள் அந்த வாளியில் உட்கார்ந்து, கூடத்தில் நான்கு பேர் கத்துவதைக் கேட்டபடி, அந்தப் புஸ் சத்தத்தை நினைத்துக்கொண்டிருந்தாள். ஐந்நூறு மீட்டருக்கு அப்பால் எங்கோ தள்ளி நின்றுகொண்டிருக்கும் கூட்டத்துக்காக, கைக்கெட்டிய ஒரே ஒரு அமைதியான அறையை விடுவதா? அவள் தியாகி இல்லை. தியாகிகளையும் அவள் பேருந்தில் பார்த்திருக்கிறாள். அவர்களில் சிலரிடமும் டிக்கெட் இருந்ததில்லை.

எட்டாம் நாள் வேலை முடிந்து கிளம்பும்போது கண்காணிப்பு அறையில் நின்று கொஞ்ச நேரம் பார்த்தாள். அங்கே இருந்தது ஒரே ஒரு பிளக் பாயின்ட். அதில்தான் மஞ்சள் பெட்டி சார்ஜாகும், அதில்தான் அவள் கெட்டிலும் கொதிக்கும். பெட்டியின் பேட்டரி பழசு, ஓர் இரவு சார்ஜ் இல்லாவிட்டால் காலையில் செத்துவிடும். இத்தனை நாளும் டீ போட்டுக் குடித்த கையோடு மறக்காமல் பெட்டியை மாட்டிவிட்டுப் போனவள், அன்று கெட்டிலை மாட்டியபடியே விட்டுவிட்டுப் போனாள். பொய் சொல்வதற்கு முன்னால் ஒருமுறை சரியாகச் சோதித்துவிடுவோம் என்று மட்டும்தான் அப்போது நினைத்தாள்.

மறுநாள் காலை ஆறு மணிக்கு ஃபோர்மேன் வழக்கம்போல வந்தார். போனைத் தோளுக்கும் காதுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டு, மைத்துனனுக்கு வீடு பார்க்கும் விஷயமாக யாரையோ திட்டிக்கொண்டே பெட்டியைக் கயிற்றில் கட்டி இறக்கினார். பெட்டியின் தலையில் பச்சை விளக்கு எரியவில்லை. முந்நூறு முறை செய்த வேலையை முந்நூற்று ஓராவது முறை யாரும் பார்த்துச் செய்வதில்லை. செத்த பெட்டி சமர்த்தாகத் தண்ணீருக்குள் தொங்கியது.

பதினோரு நிமிடம் ஒன்றுமில்லை. பன்னிரண்டாவது நிமிடம் ஒரு சத்தம் கேட்டது. புஸ். அவள் அனிச்சையாகக் கதவைத்தான் திரும்பிப் பார்த்தாள். பிறகுதான் கடலைப் பார்த்தாள். முந்நூறு மீட்டரில் சாம்பல் நிறத்தில் ஒரு முதுகு வளைந்து இறங்கியது. அதன் விலாவோடு ஒட்டிக்கொண்டு இன்னொன்று, பாதிகூட இல்லை, நீந்தத் தெரியாத மாதிரித் தலையை அதிகமாகத் தூக்கிக்கொண்டு. கொஞ்சம் தள்ளி மூன்றாவது. நின்றுபோன சுத்தியலுக்கும் செத்துப்போன பெட்டிக்கும் நடுவில் மூன்றும் மூச்சு விட்டன. அவ்வளவு தூரத்திலிருந்து கேட்டது. பதினான்கு மாதத்தில் அங்கே அப்படி ஒரு சத்தம் கேட்க வாய்ப்பே இருந்ததில்லை.

அவள் சிவப்புக் கொடியைத் தூக்கினாள். அது எங்கே கிடக்கிறது என்று தேடவே அரை நிமிடம் ஆனது. மடிப்பு கலையாமல் இருந்தது.

கிரேன் ஓட்டுபவன் முதலில் அது என்ன கொடி என்று கேட்டான். எஞ்சினியர் இரும்பு ஏணியில் இரண்டிரண்டு படியாக ஏறி வந்தார். "மேடம், எட்டு நாள் ஏற்கெனவே போச்சு. அது ஏதாவது கட்டையா இருக்கும்."

"கட்ட மூச்சு விடாது தம்பி" என்றாள், தொலைநோக்கியை இறக்காமல்.

முதல் அரை மணி முடிய நான்கு நிமிடம் இருக்கும்போது குட்டி மறுபடி தலையைத் தூக்கியது. அவள் நேரத்தைக் குறித்துக்கொண்டு, முதலிலிருந்து என்றாள். ஏழு மணிக்கு ஒருமுறை, ஏழு இருபத்தைந்துக்கு ஒருமுறை, ஏழு ஐம்பதுக்கு ஒருமுறை, எட்டே காலுக்கு ஒருமுறை, அதற்குப் பிறகும் அப்படியே. ஒவ்வொரு முறையும் முதலிலிருந்து. இருபது பேர் பார்ஜின் விளிம்பில் சும்மா உட்கார்ந்து கடலைப் பார்த்தார்கள். கிரேன் ஓட்டுபவன் மட்டும் இறங்கி வந்து, ஒருமுறை கொடுங்களேன் என்று தொலைநோக்கியைக் கேட்டு வாங்கித் தலைகீழாகப் பிடித்துப் பார்த்தான்.

பத்து மணிக்குக் கையெழுத்து வாங்குவதற்காக ஆலோசகர் விசைப்படகில் வந்து இறங்கினார். வெள்ளைக் காலணி. பார்ஜில் எங்கே கால் வைப்பது என்று ஒவ்வொரு அடிக்கும் யோசித்தார். விஷயத்தைக் கேட்டதும் எஞ்சினியருக்கு வந்த கலக்கம் அவருக்கு வரவில்லை. தொலைநோக்கியில் பார்த்தார். அவர் முகம் மலர்ந்தது.

"அருமை" என்றார். "பதினாலு மாசம் அடிச்சும் இங்கயேதான் இருக்கு பாருங்க. சத்தத்துக்குப் பழகிடுச்சு. இது நமக்கு இன்னும் நல்லது."

அவள் அவரைத் தலை முதல் கால் வரை பார்த்தாள். ஜன்னலுக்கு வெளியே திடீரென்று அக்கறை வந்தவன். "இல்லாதப்ப பாதிப்பு இல்லன்னு எழுதினீங்க. இப்ப இருக்கு, இப்பவும் பாதிப்பு இல்லங்கிறீங்க. எப்படி இருந்தாத்தான் சார் பாதிப்பு?"

ஆலோசகர் கேள்வியைப் பொறுப்பாக யோசித்தார். "செத்துக் கரை ஒதுங்கினா" என்றார். "அதுக்குத் தனிப் படிவம் இருக்கும்மா."

அதற்கு முன்பு வரை கையெழுத்துப் போட்டுவிடலாம் என்ற ஆசை அவளுக்குள் ஒரு மூலையில் இருந்தது. அந்தப் படிவம் அதைத் தீர்த்து வைத்தது. சுருக்க அறிக்கையை வாங்கிக்கொண்டு தன் மேசைக்குப் போனாள். குற்றச்சீட்டு எழுதிப் பழகிய கை. கீழே இரண்டு கார்பன் தாள் வைத்தாள். அதிலும் கடைசியில் இருந்த, யாரும் இதுவரை தொடாத குறிப்புக் கட்டத்தில் எழுதினாள்: விதிப்படி பார்வைக்குப் பின் இறக்க வேண்டிய விரட்டும் பெட்டி, பதினான்கு மாதமும் பார்வைக்கு முன்பே இறக்கப்பட்டது. ஆகவே முந்தைய படிவங்களில் நான் எழுதிய 'காணப்படவில்லை' எதற்கும் சான்று ஆகாது. இன்று பெட்டியில் மின்சாரம் இல்லை, நான் சார்ஜ் போடவில்லை. குட்டியோடு மூன்று காணப்பட்டன.

எஞ்சினியர் அவள் தோளுக்கு மேல் படித்துக்கொண்டிருந்தார். "அந்தக் கட்டத்துல யாரும் எழுத மாட்டாங்க மேடம்" என்றார். குரல் இறங்கியிருந்தது. "அந்த ரூம் உங்களுக்குத்தான்னு சொல்லி வெச்சிருக்கேன்."

பேனா அங்கே ஒரு கணம் நின்றது. அதை அவள் பிறகு மறைக்கவும் இல்லை.

"நல்ல கதவு தம்பி அது" என்றாள். "வேற யாருக்காவது குடுங்க." கையெழுத்துப் போட்டு, ஒரு நகலைக் கிழித்து மடித்துத் தன் பையில் வைத்துக்கொண்டாள்.

மாத முடிவில் அவளை நிறுத்திவிட்டார்கள். அது எதிர்பார்த்ததுதான். எதிர்பாராதது ஒன்று நடந்தது, அதற்கும் யாருடைய மனசாட்சியும் காரணமில்லை. குறிப்புக் கட்டத்தில் எதையாவது எழுதினால், அதற்கு அலுவலகம் எழுத்தில் பதில் தராமல் அடுத்த கட்டத்தைத் தொடங்கக் கூடாது என்று கோப்பின் கடைசிப் பக்கத்தில் ஒரு விதி இருந்தது. பதில் எழுத வேண்டியது யார் என்று ஒருவருக்கும் தெரியவில்லை. ஆலோசகர் எஞ்சினியரைக் கைகாட்டினார். எஞ்சினியர் தலைமை அலுவலகத்தைக் கைகாட்டினார். தலைமை அலுவலகம் படிவத்தின் தெளிவான நகல் கேட்டது. கோப்பு மேசை மேசையாக உட்கார்ந்து எழுந்தது. ஒருவர் விடுப்பில் போனார், ஒருவர் மாற்றலாகிப் போனார். நான்கு வரிக்குப் பதில் எழுத அவர்களுக்கு ஏழு மாதம் பிடித்தது. அந்த ஏழு மாதமும் சிறிய குடாவில் ஒரு குழாய்கூட இறங்கவில்லை. அந்தப் பருவத்துக் குட்டிகள் அதற்குள் தாயின் விலாவை விட்டு விலகி நீந்தத் தொடங்கிவிட்டன என்று படகுக்காரர்கள் சொன்னார்கள். அறிவால் ஆகாததைச் சோம்பேறித்தனம் செய்து முடித்தது. எட்டாவது மாதம் வேலை தொடங்கியபோது, பெட்டி பார்வைக்குப் பிறகுதான் இறங்க வேண்டும் என்று சிவப்பு எழுத்தில் அறிவிப்பு ஒட்டினார்கள். தட்டியிலிருந்த டால்பினுக்குப் புதுப் பெயின்ட் அடித்தார்கள்.

வேலை போன அன்று மாலை அவள் கெட்டிலோடு வீட்டுக்கு வந்தாள். கணவர் கூடத்தில் இருந்தார். நான்கு பேர் கத்திக்கொண்டிருந்தார்கள். அவள் சமையலறையைத் தாண்டிப் பின்பக்கம் போகவில்லை. நேராகச் சுவருக்குப் போய், தொலைக்காட்சியின் செருகியைப் பிடுங்கிவிட்டு, கெட்டிலை அங்கே மாட்டினாள். பிறகு அவருக்கு எதிரே இருந்த நாற்காலியில் உட்கார்ந்தாள்.

அவர் ரிமோட்டை இரண்டு தட்டுத் தட்டினார். திருப்பிப் பார்த்தார். அப்புறம்தான் நிமிர்ந்து அவளைப் பார்த்தார். அந்த நாற்காலியில் ஓர் ஆள் உட்கார்ந்திருப்பது அவருக்குப் புதிதாக இருந்தது.

"நீ இங்க உக்காந்து நான் பாத்ததே இல்லையே" என்றார். "இத்தன நாளா எங்க இருந்த?"

கெட்டிலில் தண்ணீர் முனகத் தொடங்கியது. அவள் எழுந்து, மேசை இழுப்பறையைத் திறந்து, பிரிக்காமல் கிடந்த அந்தச் சின்ன டப்பாவை எடுத்து அவர் மடியில் வைத்தாள்.

"மொதல்ல இத மாட்டுங்க" என்றாள். "அப்புறம் சொல்றேன்."